லுக்குட்: ஒரு சிற்றூரின் கதை

கோலாலம்பூர் எதனால் உண்டானது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், "ஈயத்தால் உண்டானது" என்று உடனே பதில் வரும். அந்த ஈயத்தைத் தோண்ட முதலில் ஆட்கள் எங்கிருந்து போனார்கள் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவர்கள் போனது லுக்குட்டிலிருந்து. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் பேருந்தில் போகும்போது நாம் கடந்து செல்கிறோமே, அதே லுக்குட்தான்.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்ப்போம். லுக்குட், போர்ட்டிக்சனுக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. லுக்குட் ஆறு இதன் வழியே ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மலைப் பாறைகள் காலப்போக்கில் சிதையும்போது, அவற்றிலுள்ள ஈயத்தாது மழைநீரோடு பள்ளத்திற்கு வருகிறது. கனமான பொருளாகையால் அது வண்டல் மண்ணுக்கு அடியில் தங்கிவிடுகிறது. அந்த நாளில் சாலைகள் இல்லை. ஆறுதான் சாலை. ஈயம் கிடைக்கும் இடமும் கடலும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்ததால், லுக்குட்டில் தொழில் செழித்தது.

அப்போது லுக்குட் சிலாங்கூரைச் சேர்ந்திருந்தது. இங்கே ஈயம் வெட்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். 1834-இல் பெரிய கலவரம் மூண்டு, வரி வசூலித்து வந்த ராஜா புசு கொல்லப்பட்டார். ஊரும் சீர்குலைந்தது. 1846-இல் ராஜா ஜுமாட் என்பவர் லுக்குட்டின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே குன்றின் மேல் கோட்டை கட்டினார். அதைச் சுற்றி அகழியும் வெட்டுவித்தார். அமைதி திரும்பியது, வணிகர்களுக்கு நம்பிக்கை பிறந்தது, ஆட்கள் வந்து குவிந்தார்கள். அந்தக் கோட்டையின் எச்சங்களை இன்றும் காணலாம். விடுமுறையில் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போகலாம்.

1857-இல் ராஜா ஜுமாட்டும், கிள்ளானை ஆண்ட அவருடைய தம்பி ராஜா அப்துல்லாவும் மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி பெற்று, 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியாக அனுப்பினார்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் அவர்கள் கரையேறி, காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தார்கள். ஒரு மாதத்திற்குள் மலேரியாக் காய்ச்சல் அவர்களைச் சூறையாடியது. மிஞ்சியவர்கள் 18 பேர். ராஜா ஜுமாட் மேலும் 150 பேரை அனுப்பினார். 1859-இல் அம்பாங்கிலிருந்து ஈயம் ஏற்றுமதியாயிற்று. அந்த ஆற்றுமுகத்தில் எழுந்த கடைகளே கோலாலம்பூர். பின்னாளில் அந்த நகருக்குத் தலைவராக விளங்கிய காப்பித்தான் யாப் ஆ லோய்கூட, இளம் வயதில் லுக்குட் ஈயச் சுரங்கமொன்றில் சமையல் வேலை பார்த்தவரே.

மகனைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டுத் தாய் தளர்ந்துபோவதைப்போல, கோலாலம்பூர் வளர வளர லுக்குட் தளர்ந்தது. 1864-இல் ராஜா ஜுமாட் காலமானார். ஈயமும் குறைந்தது. தொழிலாளர்கள் வேறிடம் தேடிப் போனார்கள். 1880-இல் லுக்குட், சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங்கிற்குக் கைமாறி, இன்றைய நெகிரி செம்பிலானின் பகுதியாயிற்று. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியதும், ஈயம் ஏற்றும் வேலை போர்ட்டிக்சன் துறைமுகத்திற்குப் போய்விட்டது. அந்த இரயில் பாதையும் 2008-இல் மூடப்பட்டது.

ஈயம் போன பின் இந்த வட்டாரத்திற்கு வாழ்வு தந்தது இரப்பர். இங்கேதான் நம் மக்கள் வரலாற்றில் நுழைகிறார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதன் பின்னும் கங்காணிகள் வழியாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள் ஏராளம். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது. தானா மேரா, சுவா பெத்தோங், சிலியாவ் எனப் போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களின் பெயரைச் சொன்னாலே, நம்மில் பலருக்கு ஏதாவதோர் உறவுமுறை நினைவுக்கு வரும்.

நாட்டின் மக்களில் ஏறத்தாழ 15 பேரில் ஒருவர் இந்தியர். நெகிரி செம்பிலானிலோ ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள் தொகை சுமார் 12 இலட்சம். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. வேலை போன திசையில் மக்களும் போனார்கள். ஈயத்துக்கு நேர்ந்ததே இரப்பருக்கும் நேர்ந்தது.

அந்த 87 பேரை எண்ணிப் பாருங்கள். ராஜாக்களின் பெயர் தெரிகிறது. பணம் எவ்வளவு என்பது தெரிகிறது. காட்டில் மாண்டவர்கள் பள்ளிப் புத்தகத்தில் வெறும் எண்ணாகவே நிற்கிறார்கள். நம் தாத்தா பாட்டிமாரும் அப்படி எண்ணாகிவிடக் கூடாது. அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் எத்தனையாம் நம்பர் லயத்தில் குடியிருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பழைய பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, நிழற்படம் ஆகியவற்றைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துங்கள். லயங்கள் இடிந்தாலும் அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் நிற்க வேண்டுமானால், அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.