எண்ணாமல் நிறுக்கும் வாக்கு

வழக்கமான சமூக வலைத்தளத்தில் ஆளுக்கு ஒரு லைக். 2016-இல் வந்த ஸ்டீம் என்ற பிளாக்செயினில் எழுதப்படும் பதிவுகளுக்கு விழும் வாக்குகளை எண்ணுவதில்லை, நிறுக்கிறார்கள். ஸ்டீம் நாணயத்தைப் பூட்டி வைத்தால் அது ‘ஸ்டீம் பவர்’ ஆகும். அதன் அளவுதான் வாக்கின் எடை. பூட்டியதைத் திரும்ப எடுக்கப் பல வாரத் தவணை. முழு வாக்கு ஒன்றைப் போட்டால் வாக்குத்திறனில் 2 சதவீதம் கரையும். நாளொன்றுக்கு 20 சதவீதம் மீண்டும் ஊறும். ஆகவே ஒரு நாளைக்குச் சுமார் பத்து முழு வாக்குதான். பதிவுக்குச் சேரும் வெகுமதி ஏழு நாள் கழித்து எழுதியவருக்கும் வாக்களித்தவர்களுக்கும் பிரியும்.

பணத்தை ஏன் நிறுக்க வேண்டும்? போலிக் கணக்குகளுக்காக. ஒருவரே ஆயிரம் கணக்கு திறந்தாலும், கையிலுள்ள நாணயத்தை ஆயிரம் கூறு போட்டால் மொத்த எடை கூடாது. இந்தப் பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் கள்ள வாக்கைத் தடுப்பது வேறு, நல்ல எழுத்தைத் தேர்வது வேறு. முதல் வேலைக்கான கருவியை இரண்டாவதற்கும் நம்பியதில்தான் சிக்கல் தொடங்கியது.

விதிகள் மாறிய வரலாறே இதற்குச் சான்று. தொடக்கத்தில் வெகுமதி எடையின் இருபடியாக ஏறியது: பத்து மடங்கு எடைக்கு நூறு மடங்கு பலன். ‘திமிங்கிலம்’ எனப்பட்ட சில பெரும் பங்காளர்கள் தொட்டதே மேலே வந்தது. 2017-இல் எடைக்கு நேர்விகிதமாக மாற்றினார்கள். சிறியவர்களின் வாக்குக்கு மதிப்பு வந்தது. கூடவே வேறொரு கணக்கும் வந்தது. பிறர் பதிவுக்கு வாக்களித்தால் வெகுமதியில் கால் பங்குவரைதான் வாக்காளர்கள் பக்கம் வரும். தன் பதிவுக்கே போட்டுக்கொண்டால் முழுதும் தனக்கு. நாணயம் அனுப்பினால் தானாக வாக்குப் போடும் ‘பாட்’ நிரல்கள் பெருகின. 2019-இல் பங்கை ஐம்பதுக்கு ஐம்பது ஆக்கி, எதிர்வாக்குக்குத் தனி ஒதுக்கீடும் தந்தார்கள். நாலு மடங்கு ஆசை இரண்டு மடங்கானது, அற்றுப்போகவில்லை.

பணம் போட்டவருக்குத் தளம் வளர வேண்டுமென்ற அக்கறை இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் நல்ல பதிவை உயர்த்துவதால் வரும் நன்மை நாணயம் வைத்திருக்கும் எல்லோருக்கும் பிரிகிறது. தனக்கே வாக்களிப்பதன் லாபம் ஒருவர் பைக்குப் போகிறது. ஊர்க் குளத்தைத் தூர்வார ஆள் வராததும், வரப்பைத் தள்ளிப்போட ஆள் வருவதும் இதே காரணத்தால்தான்.

நிறுவனம் ஒன்றின் மறைவான அல்காரிதத்தைவிட இது மேல் என்பது வலுவான வாதம். ஒவ்வொரு வாக்கும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் வெளிப்படையாக இருக்கிறது. விதி பிடிக்காதவர்கள் பேரேட்டை நகலெடுத்துக்கொண்டு வெளியேறலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தைக் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் வாங்கினார். மார்ச்சில் சில கிரிப்டோ சந்தைகள் வாடிக்கையாளர்கள் போட்டுவைத்த நாணயங்களைக் கொண்டே வாக்களிக்க, சங்கிலியை இயக்கும் ‘விட்னஸ்’கள் மாற்றப்பட்டார்கள். மார்ச் 20-இல் ஒரு சாரார் ஹைவ் என்று பிரிந்தார்கள். புதிதாகப் பூட்டிய நாணயம் விட்னஸ் தேர்வில் வாக்களிக்க 30 நாள் காத்திருக்க வேண்டும் என்று அங்கே விதி வைத்தார்கள்.

அந்த 30 நாள் விதியில் ஓர் ஒப்புதல் இருக்கிறது: எடை எவ்வளவு என்பதைத் தராசு சொல்லும், அது யாருடையது, எதற்காக வந்தது என்பதைச் சொல்லாது. பதிவின் தரத்துக்கும் அதே தராசுதான். வெளிப்படையான பேரேடு தவறைக் காட்டிக்கொடுக்கும். படித்துப் பார்த்து வாக்களிக்கும் வேலையை அது செய்யாது.