ஷட்டரை இறக்கிய ஊசி

லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கொரோனா வந்தப்ப எங்க மாமாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்னு சொல்றாங்க. கிருமி உள்ள இருக்கும்போது அதைக் குறைச்சா ஆள் எப்படிப் பிழைப்பாங்க?"

இந்தக் குழப்பம் நாம் புழங்கிய சொற்களால் வந்தது. 2020 மார்ச்சில் பிரதமர், மகாபாரதப் போர் 18 நாளில் முடிந்தது, இதற்கு 21 நாள் என்றார். பிறகு முன்களப் பணியாளர்கள், வார் ரூம், ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டர் தூவிய பூ. போர் நடக்கையில் சொந்தப் படையை யாராவது குறைப்பார்களா?

1882 வாக்கில் உயிரியலாளர் மெச்னிகாஃப் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைச் செருகி, செல்கள் அதைச் சூழ்வதைக் கண்டார். வெள்ளணுக்களைச் சிப்பாய்களாக்கும் பேச்சு வளர்ந்தது அதற்குப் பிறகுதான். வரலாறு இவ்வளவு போதும்.

போரைவிடப் பொருத்தமான உவமை வாசகியின் ஊரிலேயே மலையிலிருந்து இறங்குகிறது. நான்கு ராட்சதக் குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர் மின் நிலையத்துக்கு வந்து, அதைத் தாண்டி கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. தண்ணீர் இல்லாமல் நெல் இல்லை. மடை திறந்தே கிடந்தாலும் நெல் இல்லை.

உடம்பில் அந்தத் தண்ணீர்தான் அழற்சி. கிருமி தொட்ட செல், சைட்டோகைன் என்ற வேதித் தூதை விடுகிறது. அருகிலுள்ள ரத்தக் குழாயின் சுவரில் செல்கள் விலகி இடுக்கு விழுகிறது. வெள்ளணுக்கள் உடலை நெளித்து அதன் வழியே வெளியே வருகின்றன. கூடவே நீரும் கசிகிறது. முள் குத்திய விரல் வீங்குவது இதனால்தான். நுரையீரலில் இதுவே நடந்தால், காற்று இருக்க வேண்டிய அறையில் தண்ணீர். கொரோனாவில் முதல் வாரம் கழிந்தபின் பலருக்குக் கிருமி குறைந்துகொண்டிருந்தது. மடைதான் திறந்தே கிடந்தது.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஷட்டரை இறக்கியது. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அறிவித்த ரிகவரி ஆய்வில், தினம் 6 மில்லிகிராம் மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. அவர்கள் வயலுக்கு இன்னும் தண்ணீர் வேண்டியிருந்தது. 2021இல் அளவில்லாமல் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம், அதிலும் சர்க்கரை நோயாளிகளிடம், கருப்புப் பூஞ்சை வந்தது. காயப்போட்ட நெல் வயலில் களை மண்டும் என்பது கம்பத்து விவசாயிக்குத் தெரியும்.

மடை பார்க்கும் ஆளும் உடம்பில் உண்டு. மற்ற வெள்ளணுக்களை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்கள். 1995இல் இவற்றை இனங்காட்டிய ஷிமோன் சகாகுச்சி, வேறு இருவரோடு 2025இல் நோபல் பெற்றார். 'இம்யூனிட்டியை ஏற்றும்' என்று டப்பாவில் அச்சடிப்பவர்கள், எந்த ஷட்டரை எத்தனை அடி தூக்குவார்கள் என்று சொல்வதில்லை.

போர்ப் பேச்சின்மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த டாக்டரை அடக்கம் செய்யப் போனவர்கள்மேல் கல் விழுந்தது. கிருமியைப் பகைவன் என்றோம். அது தங்கிய உடம்பும் பகைவனாகிவிட்டது.

உங்கள் மாமா அன்று ஆக்சிஜனில் இருந்தாரா அம்மா? இருந்திருந்தால், அது போட வேண்டிய நாளில் போட்ட ஊசி.