பேறுபெற்றோர் (மலைப்பொழிவு)

பேறுபெற்றோர் என்பது இயேசு மலைப்பொழிவின் தொடக்கத்தில் சிலவகை மக்களைச் சுட்டிக் கூறிய சொல் ஆகும். இக்கூற்றுகள் மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்திலும் (3-12), சுருக்கமாக லூக்கா நற்செய்தி 6ஆம் அதிகாரத்திலும் (20-26) உள்ளன. பேறுபெற்ற வாழ்வு எது என்ற கேள்விக்குக் கிறித்தவர்கள் முதலில் எடுத்துக்காட்டும் பகுதி இதுவே.

சொல்லும் பொருளும்

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மக்காரியோஸ்'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைப் 'பாக்கியவான்கள்' என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'பேறுபெற்றோர்' என்றும் தருகின்றன. எபிரேயத்தில் இதற்கு நிகரானது 'அஷ்ரே'. திருப்பாடல்கள் நூலின் முதல் சொல்லே அதுதான். ஆசி வழங்குதலைக் குறிக்கும் 'பாரக்' என்ற சொல் வேறு. ஆசி என்பது ஒருவர் மற்றொருவருக்கு அளிப்பது, வேண்டிப் பெறுவது. 'அஷ்ரே' ஒருவர் ஏற்கெனவே நற்பேறான நிலையில் இருப்பதைக் கண்டு சொல்வது. எனவே மலைப்பொழிவில் இயேசு ஏழைகளுக்கு ஆசி வழங்குகிறார் என்பதைவிட, அவர்கள் நிலையைப் பற்றி ஓர் அறிவிப்புச் செய்கிறார் என்பதே பொருத்தம்.

தமிழில் பேறு என்றதும் மகப்பேறு நினைவுக்கு வரும். திருக்குறளில் மக்கட்பேறு ஓர் அதிகாரம். மணமக்களை வாழ்த்தும்போது சொல்லப்படும் பதினாறு பேறுகளில் பொன்னும் நெல்லும் நீண்ட ஆயுளும் அடங்கும். அக்கால யூதரும் பெரும்பாலும் இவ்வாறே எண்ணினர். கூட்டத்திலிருந்த ஒரு பெண் இயேசுவைப் பெற்ற தாயைப் பேறுபெற்றவர் எனப் புகழ்ந்தபோது, இறைவார்த்தையைக் கேட்டுக் கடைப்பிடிப்போரே அதைவிடப் பேறுபெற்றோர் என அவர் திருத்தியதாக லூக்கா (11:27-28) எழுதுகிறார்.

யார் பேறுபெற்றோர்?

மத்தேயுவின் பட்டியலில் உள்ளத்தில் ஏழைகள், துயருறுவோர், கனிவுடையோர், நீதிக்காகப் பசித்திருப்போர், இரக்கமுடையோர், தூய உள்ளத்தினர், அமைதி ஏற்படுத்துவோர், நீதியின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோர் என எண்மர் வருகின்றனர். ஒன்பதாவது கூற்று கேட்போரை நோக்கி 'நீங்கள்' என்று திரும்புகிறது.

லூக்கா இன்னும் கடுமையானவர். அவர் 'உள்ளத்தில்' என்று சேர்ப்பதில்லை. வெறுமனே ஏழைகள் என்கிறார். 'ப்தோகோஸ்' என்ற அச்சொல் உழைத்தும் போதாத குடும்பத்தை அன்று, கையேந்திப் பிழைப்பவரையே குறிக்கும். அத்துடன் செல்வர், உண்டு நிறைந்தவர், சிரித்து மகிழ்பவர், எல்லாராலும் புகழப்படுபவர் ஆகிய நால்வருக்கும் ஐயோ கேடு என்ற எச்சரிக்கையும் உண்டு. செல்வமே இறையாசியின் அடையாளம் என்று போதிப்போர் இவ்வரிகளை அதிகம் வாசிப்பதில்லை.

வறுமையும் அழுகையும் நல்லவை என்பதன்று இதன் பொருள். துயருறுவோருக்கு ஆறுதலும் நீதிக்காகப் பசித்திருப்போருக்கு நிறைவும் வாக்களிக்கப்படுகின்றன. வினைச்சொற்களின் காலமும் கவனிக்கத்தக்கது. எட்டில் முதலாவதும் கடைசியும் விண்ணரசு அவர்களுடையது என நிகழ்காலத்தில் அமைய, இடையிலுள்ள ஆறும் எதிர்காலத்தில் அமைகின்றன. பேறு இப்போதே தொடங்கிவிட்டது, ஆனால் முழுமை இனிமேல்தான் என இறையியலாளர்கள் இதற்கு விளக்கம் தருவர். அமைதி பற்றிய கூற்றும் சண்டைக்குப் போகாமல் ஒதுங்கி இருப்பவரைக் குறிப்பதில்லை. பகைத்தவர்களிடையே சென்று அமைதியை உண்டாக்குபவரைக் குறிக்கிறது.

தேவசகாயம் பிள்ளை

கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலையாக வழங்கும் முத்திப்பேறு பட்டத்தின் இலத்தீன் பெயரும், மலைப்பொழிவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் உள்ள 'பெயாத்துஸ்' என்ற சொல்லையே அடியாகக் கொண்டது. தமிழகத்தில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு தேவசகாயம் பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று இப்பெயர் பூண்டார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாருடனும் பழகினார் எனத் திருச்சபை மரபு கூறுகிறது. பதவியை இழந்து, 1749இல் சிறைப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்கான காரணம் பற்றி வரலாற்றாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. திருச்சபை அவரை நம்பிக்கைக்காக உயிர்நீத்தவராக ஏற்று 2012 திசம்பர் 2 அன்று முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15 அன்று புனிதர் பட்டமும் வழங்கியது. அவரது கல்லறை நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் உள்ளது.