பழைய கப்பல் ஏடுகளில் ஒளிந்திருக்கும் வானிலை

மலாக்கா நீரிணைக்கு மேல் இந்த நேரத்தில் மேகம் எப்படித் திரண்டிருக்கிறது என்று அறிய, கைப்பேசியைத் தொட்டாலே போதும். துணைக்கோளப் படம் உடனே வந்துவிடும். ஆனால், 1816ஆம் ஆண்டில் அதே கடலில் வெப்பம் எவ்வளவு இருந்தது? காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது?

வெற்றிகரமாக இயங்கிய முதல் வானிலைத் துணைக்கோளமான டிரோஸ்-1 விண்ணில் ஏவப்பட்டதே 1960 ஏப்ரலில்தான். அதற்கு முந்திய காலத்தில் நடுக்கடலின் வானிலையைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் கப்பல் ஊழியர்களே. பூமியின் பரப்பில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமான பகுதி கடல். அப்படியானால், பூமியின் பழைய வானிலை பற்றி நாம் அறிய வேண்டியதில் பெரும்பகுதி, ஆவணக் காப்பகங்களில் மூடிக் கிடக்கும் கப்பல் பதிவேடுகளில்தான் இருக்கிறது.

அந்த ஏடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் இன்று ஆயிரக்கணக்கான தொண்டூழியர்கள் ஈடுபட்டுள்ளனர். அதில் ஓர் எண் பிசகினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பக்கத்தில் என்ன இருக்கும்?

மாலுமிகள் பருவநிலை ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. பாய்மரக் கப்பலுக்குக் காற்றே எரிபொருள். காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால் புயல் வரப்போகிறது என்று பொருள். எனவே வானிலையைக் குறித்துவைப்பது உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது.

முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஏடு ஒன்றைத் திறந்தால், ஒரு நாளுக்கு ஒரு பக்கம் இருக்கும். கப்பல் இருந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். பிறகு, ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகள் வரிசையாக இருக்கும்: காற்றின் திசை, அதன் வேகம், அங்குலத்தில் காற்றழுத்தம், ஃபாரன்ஹீட்டில் காற்றின் வெப்பநிலை, கடல்நீரின் வெப்பநிலை.

காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். இது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த அளவுகோல். தொடக்கத்தில் இது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லவில்லை. ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரிக்க முடியும் என்பதைக் கொண்டே சொன்னது. 0 என்றால் காற்றே இல்லை. 12 என்றால் எந்தப் பாயும் தாங்காத சூறாவளி.

வானத்தின் நிலையைக் குறிக்க ஆங்கில எழுத்துகள் உண்டு. நீல வானத்துக்கு ‘பி’, மேகத்துக்கு ‘சி’, முழுவதும் மூடிய வானத்துக்கு ‘ஓ’, மழைக்கு ‘ஆர்’. அச்சமூட்டும் வானத்துக்கு ‘யூ’ என்றுகூட ஓர் எழுத்து இருந்தது.

மூன்று பேர், ஒரே பக்கம்

2010 அக்டோபரில் ‘ஓல்ட் வெதர்’ என்ற திட்டம் சூனிவர்ஸ் இணையத்தளத்தில் தொடங்கியது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்த கடற்படை ஏடுகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்டன. தொண்டூழியர்கள் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கங்களைப் படித்துத் தட்டச்சு செய்தார்கள். அதிகப் பக்கங்களை முடித்தவருக்கு அந்தக் கப்பலின் ‘கேப்டன்’ பட்டமும் கிடைத்தது! இரண்டு ஆண்டுகளில் 16,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து சுமார் 1.6 மில்லியன் வானிலைப் பதிவுகளைப் படியெடுத்தார்கள்.

சாதாரண மக்கள் தட்டச்சு செய்ததை விஞ்ஞானிகள் எப்படி நம்பினார்கள்? ஒரே பக்கத்தை மூன்று பேர் தனித்தனியாகப் படித்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மூவரில் இருவராவது ஒத்துப்போனால் அந்த எண்ணை ஏற்பதில் துணிவு வருகிறது. மூவரும் மூன்று விதமாக எழுதியிருந்தால், அந்த இடம் சிக்கலானது என்று தெரிந்துவிடும்.

3ஆ, 8ஆ?

கப்பல் ஆடும்போது, மங்கிய விளக்கொளியில், மைப் பேனாவால் எழுதிய எண்கள் அவை. 1ஐயும் 7ஐயும், 3ஐயும் 8ஐயும் பிரித்தறிவது எளிதல்ல. ‘மேலே உள்ளதே’ என்பதைக் காட்ட இரண்டு சிறு கோடுகளை மட்டும் போட்டுவிடுவதும் உண்டு. முழு எண்ணை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த வரிகளில் தசமப் பகுதியை மட்டும் எழுதியவர்களும் இருந்தார்கள்.

தேதியிலும் பொறி உண்டு. 1805 வரை பிரிட்டிஷ் கடற்படை ஏடுகளில் ஒரு நாள் நண்பகலில் தொடங்கி மறு நண்பகலில் முடிந்தது. நம் கணக்கில் திங்கட்கிழமை மாலை என்பது, அந்த ஏட்டில் செவ்வாய்க்கிழமையாக இருக்கும்!

ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நம் வட்டாரத்தில் காற்றழுத்தம் வழக்கமாக 29.83 அங்குல அளவில் இருக்கும். அதாவது சுமார் 1,010 ஹெக்டோபாஸ்கல். 8ஐ 3 என்று படித்து 29.33 என்று தட்டச்சு செய்தால், அது சுமார் 993 ஹெக்டோபாஸ்கல் ஆகிவிடும். அமைதியான கடலில் இல்லாத ஒரு புயலை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க நம் வெப்பமண்டலம் ஓர் அழகான வழியைத் தருகிறது. இங்கே காற்றழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கும். காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம். அதிகாலை 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் தாழ்வு. சூரிய வெப்பம் வளிமண்டலத்தில் எழுப்பும் அலையே இதற்குக் காரணம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல்தான். ஒரு பழைய ஏட்டில் இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால், அந்த மாலுமி கருவியைப் பார்த்து ஒழுங்காக எழுதினார் என்று நம்பலாம். நடுவில் ஓர் எண் மட்டும் திடீரென்று 17 ஹெக்டோபாஸ்கல் குதித்தால், படியெடுத்ததை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

வாளி செய்த குழப்பம்

எண்ணைச் சரியாகப் படித்துவிட்டால் மட்டும் போதாது. அதை எப்படி அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

கடல்நீரின் வெப்பநிலையை அறிய, அந்தக் காலத்தில் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, நீர் மொண்டு, மேலே இழுத்து, வெப்பமானியை அதில் வைப்பார்கள். துணி வாளியாக இருந்தால், காற்றுப் படும்போது ஈரம் ஆவியாகும். நீச்சல் குளத்திலிருந்து ஏறியதும் உங்களுக்குக் குளிர்கிறதல்லவா? அதே காரணத்தால் வாளி நீரும் சற்றுக் குளிர்ந்துவிடும். பின்னர் வந்த கப்பல்களில், இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தார்கள். இயந்திர அறையின் சூட்டால் அந்த அளவு சற்று அதிகமாக இருந்தது.

1945இன் பிற்பகுதியில் உலகக் கடல் வெப்பநிலை திடீரென்று சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் குறைந்ததாகப் பதிவுகள் காட்டின. எரிமலை எதுவும் காரணமாக இருக்கவில்லை. 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விடையைச் சொன்னது. போரின்போது கிடைத்த பதிவுகளில் பெரும்பாலானவை, இயந்திர அறையில் அளந்த அமெரிக்கக் கப்பல்களுடையவை. போர் முடிந்ததும், வாளியைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் கப்பல்களின் பதிவுகள் கூடின. கடல் குளிரவில்லை, அளந்த முறைதான் மாறியது.

போர்க்காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இரவில் விளக்கேற்றினால் எதிரி பார்த்துவிடுவான் என்ற அச்சத்தால், பல கப்பல்களில் பகலில்தான் அதிகம் அளந்தார்கள். பகல் அளவுகள் மிகுந்தால் சராசரியும் உயரும். இதைச் சோதிக்க உதவும் புதிய தரவு 2023இல் வெளியானது. பசிபிக் போர்க்களத்தில் இருந்த 19 அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் 28,000க்கும் மேற்பட்ட பக்கப் படங்களை 4,000க்கும் மேற்பட்ட தொண்டூழியர்கள் படியெடுத்தார்கள். அவற்றிலிருந்து 3.7 மில்லியன் அளவுகள் கிடைத்தன. அந்த ஏடுகளில் இரவு பகலாக மணிக்கு மணி எழுதிய குறிப்புகள் இருந்ததே அவற்றின் சிறப்பு.

காணாமல் போன தசமம்

படியெடுப்பவர் செய்யும் சிறு சுருக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னோர் உண்மைச் சம்பவம் உண்டு. ஜப்பானியக் கப்பல்களின் பதிவுகள் கோபே நகரில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. போருக்குப் பிறகு, அமெரிக்க விமானப்படை அவற்றைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றியது. அப்போது 1930களின் கடல் வெப்பநிலைகளில் தசமப் புள்ளிக்குப் பின் இருந்த எண் விடப்பட்டது. 18.9 டிகிரி என்பது 18 ஆகிவிட்டது.

ஒரு பதிவில் இது சிறிய விஷயம்தான். ஆயிரக்கணக்கான பதிவுகளில்? விடுபட்ட எண் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். அவற்றின் சராசரி 4.5. அதாவது ஒவ்வொரு பதிவும் சராசரியாக 0.45 டிகிரி இழந்திருக்கும். அருகருகே சென்ற கப்பல்களின் அளவுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இந்தப் பதிவுகள் சுமார் 0.35 டிகிரி குளிர்ச்சியாக இருப்பதை 2019இல் வெளியிட்டார்கள். இதனால் வட பசிபிக் கடல் அந்தக் காலத்தில் குறைவாகவே வெப்பமடைந்ததுபோல் பல ஆண்டுகள் தோன்றிக்கொண்டிருந்தது. பூமி தொழிற்புரட்சிக்குப் பிறகு மொத்தமாக வெப்பமடைந்திருப்பதே ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம். அதை நினைத்தால், 0.35 எவ்வளவு பெரியது என்று புரியும்.

எனவேதான் இந்தத் திட்டங்களில் எல்லாம் தலையாய விதி ஒன்று உண்டு: கண்ணில் படுவதை அப்படியே எழுதுங்கள். எண் விசித்திரமாக இருந்தாலும் ‘திருத்த’ வேண்டாம். சந்தேகம் இருந்தால் அதைக் குறித்துவையுங்கள். திருத்துவது பிறகு நடக்கும். மூலத்தை மாற்றிவிட்டால் திருத்தவே வழி இருக்காது.

தம்போராவும் கம்பெனிக் கப்பல்களும்

இப்போது 1816க்குத் திரும்புவோம். அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றில் பதிவான மிகப் பெரிய வெடிப்புகளில் அது ஒன்று. மேலே போன கந்தகத் துகள்கள் சூரிய ஒளியை மறைத்தன. 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையிலும் குளிர் நீடித்து, பயிர்கள் பொய்த்தன.

பூமி முழுவதும் எவ்வளவு குளிர்ந்தது? இதற்கு விடை தர உதவியவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள். லண்டனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்கும், நம் கடல் வழியாகச் சீனாவுக்கும் சென்றவை அவை. அவற்றில் பல, வெப்பமானியும் காற்றழுத்தமானியும் வைத்து நாள்தோறும் குறிப்பெழுதின. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சுமார் 900 ஏடுகளிலிருந்து, 1789 முதல் 1834 வரையிலான ஏறக்குறைய 273,000 பதிவுகள் படியெடுக்கப்பட்டன. 2012இல் வெளியான முடிவு இதுதான்: தம்போராவுக்குப் பின் குளிர்ந்தது உண்மை, ஆனால் சில கணினி மாதிரிகள் காட்டிய அளவுக்கு அது கடுமையாக இல்லை. நாளைய பருவநிலையைக் கணிக்கும் மாதிரிகளைச் சோதிக்க, 200 ஆண்டுக்கு முந்திய மாலுமியின் வெப்பமானி உதவியது!

நீங்களும் செய்யலாம்

கையெழுத்தைப் படிக்கும் கணினி நிரல்கள் இப்போது மேம்பட்டு வருகின்றன. ஆனால் அவற்றுக்குப் பயிற்சி தரவும், அவை படித்ததைச் சரிபார்க்கவும் மனிதர் படியெடுத்த பக்கங்கள் தேவை.

பெற்றோரின் அனுமதியுடன் சூனிவர்ஸ் தளத்துக்குச் சென்று, அப்போது எந்தப் பழைய வானிலை ஏடுகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். தொடங்கும் முன் அந்தக் கையெழுத்தில் சில பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். அந்த மாலுமி 1ஐ எப்படி எழுதுகிறார், 7ஐ எப்படி எழுதுகிறார் என்று முதலில் பழகிக்கொள்ளுங்கள். வேகம் தேவையில்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் முடித்தாலும் போதும். தசமப் புள்ளிக்குப் பின் உள்ள எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.