கூடைப்பந்தும் ஒரு வேலைதான்!

சாயங்காலம் நம்ம மைதானத்துல பந்து தட்டுற யாரைக் கேட்டாலும் என்.பி.ஏ. வீரர்கள் பத்துப் பேரின் பெயரைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பெண்கள் ஆட்டம் பற்றிக் கேட்டால் மௌனம்தான் பதில். உலகத்திலேயே சிறந்த அமெரிக்க வீராங்கனைகள் பல வருடம் சம்பாதிப்பதற்காக ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய் ஆடினார்கள் என்று சொன்னபோது, "கதை விடாதடா!" என்றான் என் அறை நண்பன். கதை இல்லை. கணக்கோடு சொல்கிறேன்.

டயானா டராசி என்று ஒருவர். 1982-இல் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். பெற்றோர் அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர்கள். அப்பா பிறந்தது இத்தாலியில். (இந்த இத்தாலி விஷயத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.) கல்லூரி அணிக்காகத் தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கினார். 2004-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைப் போட்டியான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஃபீனிக்ஸ் மெர்குரி அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அதே வருடம் ஏதென்ஸில் ஒலிம்பிக் தங்கமும் கிடைத்தது. இவ்வளவு பெருமைக்கு முதல் வருடச் சம்பளம் சுமார் 40 ஆயிரம் டாலர்! ஆண்கள் போட்டியில் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுபவருக்கே அதைவிடப் பல மடங்கு.

டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டங்கள் பெரும்பாலும் கோடைக்காலத்தில் நடக்கும். ஐரோப்பாவின் போட்டிகளோ அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். ஆக, கோடையில் அங்கே, குளிரில் இங்கே. இரண்டு ஷிப்டு, ஒரே உடம்பு. ஷிப்டு முடிந்து தூங்கப் போகிற இடைவெளிதான் கிடையாது.

ஐரோப்பாவில் பெண்கள் கூடைப்பந்து நேற்று முளைத்தது அல்ல. டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டம் தொடங்கியதே 1997-இல்தான். ஐரோப்பிய மகளிர் கிளப் கோப்பை 1950-களின் கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது. அதில் 18 முறை ஜெயித்த அணி ரிகா நகரத்தின் 'டி.டி.டி.' அந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? டிராம், டிராலிபஸ் நிர்வாகம்! நம்ம பாஷையில் சொன்னால் போக்குவரத்துக் கழக டீம். ஏழு அடி உயரத்தை நெருங்கும் உல்யானா செமியோனோவா அந்த அணியில்தான் ஆடினார். சோவியத் காலத்தில் வெளிநாட்டுச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. ஸ்பெயின் கிளப்புக்கு ஆட அவர் போனது 1987-இல், 35-வது வயதில். அடுத்த வருடம் பிரான்ஸ். அதற்குள் சிறந்த ஆட்டத்தையெல்லாம் ஆடி முடித்துவிட்டார்.

டராசி காலத்தில் நிலைமை தலைகீழ். 2005-இல் மாஸ்கோ டைனமோவுக்குப் போனவர், அடுத்த வருடம் மாஸ்கோவை ஒட்டிய வித்னோயே என்ற ஊரின் ஸ்பார்டக் கிளப்பில் சேர்ந்தார். அதன் முதலாளி ஷப்தாய் கல்மனோவிச். லித்துவேனியாவில் பிறந்து, இஸ்ரேலில் குடியேறி, சோவியத் உளவாளி என்று அங்கே சிறையில் இருந்து, வெளியே வந்து கோடீஸ்வரர் ஆனவர். சினிமாக் கதை எழுதுகிறவர்கள்கூட இப்படி எழுதத் தயங்குவார்கள். அவர் தன் வீராங்கனைகளுக்குக் கார், டிரைவர், சமையல்காரர், நீச்சல்குளம் உள்ள பெரிய வீடு என்று கொட்டிக் கொடுத்தார். சூ பேர்ட், ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சன் என்று அணியைப் பார்த்தால் உலக லெவன் மாதிரி இருக்கும். 2007 முதல் 2010 வரை நான்கு வருடம் தொடர்ந்து யூரோலீக் கோப்பை ஸ்பார்டக் கையில்தான்.

இங்கேதான் அந்த இத்தாலி விஷயம். ஐரோப்பியப் போட்டிகளில் வெளிக் கண்டத்து ஆட்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. டராசியிடம் இத்தாலி பாஸ்போர்ட் இருந்ததால் அவர் 'ஐரோப்பியர்' கணக்கில் சேர்ந்தார். சூ பேர்ட் இஸ்ரேல் குடியுரிமை வாங்கினார். பெக்கி ஹாமன் இன்னும் ஒரு படி மேலே போய், ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கே ஆடி வெண்கலம் வென்றார். எறிகிற கை எவ்வளவு முக்கியமோ, பாஸ்போர்ட் நிறமும் அவ்வளவு முக்கியம்.

சரி, இவ்வளவு பணம் டிக்கெட் விற்று வந்ததா? இல்லவே இல்லை. காலரியில் சில ஆயிரம் பேர்தான். பணம் வந்தது ஒரு மனிதரின் பையிலிருந்து. 2009 நவம்பர் 2-ஆம் தேதி மாஸ்கோ தெருவில் காரில் போய்க் கொண்டிருந்த கல்மனோவிச்சைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த சீசனில் அணி எப்படியோ ஆடிக் கோப்பையையும் வாங்கிவிட்டது. அதன் பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

நம்ம ஊரில் ரயில்வேயோ வங்கியோ ஒரு வீராங்கனையை எடுத்தால், ஆட்டம் ஓய்ந்த பிறகும் வேலை இருக்கும். அங்கே அது கிடையாது. ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் (பெரும்பாலும் வரி போக), ஃபிளாட், விமான டிக்கெட், கோப்பை ஜெயித்தால் போனஸ் என்று எழுதியிருக்கும். சீசன் முடிந்ததும் ஃபிளாட் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். சின்ன கிளப்புகளில் சம்பளமே நிலுவை. இந்த வழக்குகளுக்கென்றே சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா 2007-இல் ஒரு நடுவர் மன்றம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

டராசி 2010-இல் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே அணிக்குப் போனார். நவம்பரில் ஒரு ஆட்டத்துக்குப் பிறகு எடுத்த சிறுநீர்ச் சோதனையில், தூக்கத்தைத் தடுக்கும் 'மொடாஃபினில்' மருந்து இருப்பதாக அங்காராவின் பரிசோதனைக்கூடம் சொன்னது. இரண்டாவது மாதிரியிலும் அதே முடிவு. கிளப் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. உறுதியானால் இரண்டு வருடத் தடை வரை வரலாம்; லண்டன் ஒலிம்பிக் போச்சு. நான் சாப்பிடவே இல்லை என்று அவர் மறுத்துக் கொண்டே இருந்தார். 2011 பிப்ரவரியில் அந்தப் பரிசோதனைக்கூடமே தன் அறிக்கையை வாபஸ் வாங்கியது! லேபில் ரீடிங் தப்பாக எடுத்தால் நமக்கு ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை. அங்கே ஒருத்தியின் பெயரே கெட்டுப் போகிறது. அவரோ அடுத்த சீசனிலேயே அதே இஸ்தான்புல்லுக்குத் திரும்பினார், ஃபெனர்பாச்சேயின் பரம எதிரி கலாடசராய் அணிக்கு! அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

2012-இல் ரஷ்யாவின் எகாடெரின்பர்க். இதை நடத்தியது யூரல் பகுதியின் பெரிய செம்புச் சுரங்கக் கம்பெனி. மெட்டலர்ஜி மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம்! (அந்த ஊர் யூரல் மலைக்குக் கிழக்கே, ஆசியப் பக்கம் இருக்கிறது, ஆடுவது ஐரோப்பியக் கோப்பை!) 2015-இல் அந்தக் கிளப் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தது: "கோடையில் அமெரிக்காவில் ஆடாதே, ஓய்வெடு." டராசிக்கு அங்கே ஒரு சீசனுக்கு 15 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம். பதினான்கு மடங்கு! அவர் ஒப்புக் கொண்டார். 2015 சீசன் முழுக்க அமெரிக்காவில் ஆடவில்லை. துரோகம் என்று சில ரசிகர்கள் குமுறினார்கள். என்னைக் கேட்டால், உடம்பு தேய்வதற்கு முதன்முதலாக ஒருவர் கூலி கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். எகாடெரின்பர்க்கோடு 2013, 2016 கோப்பைகளையும் சேர்த்து, டராசிக்கு மொத்தம் ஆறு யூரோலீக் பட்டம்.

உடம்பு தேயும் என்பது சும்மா வார்த்தை இல்லை. 2018-இல் அமெரிக்காவின் சிறந்த வீராங்கனை விருது வாங்கியவர் பிரியானா ஸ்டூவர்ட். 2019 ஏப்ரலில், ஹங்கேரியின் சோப்ரோன் நகரில் ரஷ்யாவின் டைனமோ குர்ஸ்க் அணிக்காக யூரோலீக் இறுதி ஆட்டம் ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. அந்த வருடம் முழுக்க டபிள்யூ.என்.பி.ஏ. ஆட முடியவில்லை.

ரஷ்யக் கதை 2022-இல் முடிந்தது. பிப்ரவரி 17 அன்று எகாடெரின்பர்க் வீராங்கனை பிரிட்னி கிரைனர், பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்ததாக மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். ஒன்பது வருடத் தண்டனை விதித்தார்கள். டிசம்பரில் கைதி பரிமாற்றத்தில் விடுதலையானார். உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய கிளப்புகளை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து ஃபிபா விலக்கி வைத்தது. துருக்கி முன்னால் வந்தது. 2023-லும் 2024-லும் யூரோலீக் கோப்பை ஃபெனர்பாச்சேவுக்கு. அமெரிக்காவிலோ, பயிற்சி முகாம் தொடங்கும்போது வந்து சேராத அனுபவ வீராங்கனைகளுக்கு 2023-இலிருந்து அபராதம், 2024-இலிருந்து அந்த சீசனே கிடையாது என்று விதி கொண்டு வந்தார்கள்.

டராசி 2025 பிப்ரவரியில், 42 வயதில், ஓய்வு அறிவித்தார். அதற்கு முந்தைய மாதம் மயாமியில் 'அன்ரைவல்ட்' என்ற புதிய குளிர்காலப் போட்டி தொடங்கியிருந்தது. வீராங்கனைகள் ஊரை விட்டுப் போகாமலே குளிர்காலச் சம்பளம் வாங்கலாம்; கம்பெனியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதை ஆரம்பித்த இரண்டு பேரில் ஒருவர், சோப்ரோனில் குதிகால் அறுந்த அதே பிரியானா ஸ்டூவர்ட்.