வேற்றுமை உருபும் கணக்குக் குறியும்

'எட்டிலிருந்து ஐந்தைக் கழிக்க' என்பதை 8 − 5 என எழுதுகிறோம். 'ஐந்தை எட்டிலிருந்து கழிக்க' என மாற்றினாலும் விடை மாறாது. எண்ணின் இடத்தை முடிவு செய்வது சொல்வரிசை அன்று, உருபே. நீங்கல் பொருளில் ஐந்தாம் வேற்றுமை ஏற்ற எண் முதலில் நிற்கும். இரண்டாம் வேற்றுமை ஏற்றது கழித்தற்குறிக்குப் பின் வரும். தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் 'தோலாக் 5 டாரிபாடா 8' எனக் காணும்போது, கண்ட வரிசையிலேயே 5 − 8 என எழுத நேரலாம். உருபை நோக்கப் பழகியவர் 'டாரிபாடா'வையும் நோக்குவர்.

வினையெச்சம் இன்னும் நுட்பமானது. 'மூன்றையும் ஐந்தையும் கூட்டி, இரண்டால் பெருக்குக' என்பதில் 'கூட்டி' என்னும் எச்சமே அடைப்புக்குறியின் பணியைச் செய்கிறது: (3 + 5) × 2, விடை 16. 'மூன்றுடன் ஐந்தின் இருமடங்கைக் கூட்டுக' எனின் 3 + 5 × 2, விடை 13. அடைப்புக்குறியை விட்டுவிடும் மாணவரிடம் விதியை மீண்டும் ஒப்பிக்கச் சொல்வதைவிட, முதலில் முடியும் வினை எது எனக் கேட்பதே பயன் தரும் என்பது எம் கருத்து.

'எட்டைவிட ஐந்து குறைவான எண்' என்பது 8 − 5. 'ஐந்து, எட்டைவிடக் குறைவு' என்பதோ 5 < 8. அங்குக் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. 'எட்டைவிட ஐந்து குறைவு' என வாளா எழுதின் இரு பொருளும் படும். வினாத்தாள் எழுதுவோர் அத்தொடரைத் தவிர்த்தல் நன்று.