முதுகு வலிக்குக் காரணம் வயது மட்டுமல்ல

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்கள் பலரது வீட்டில் இரவானால் தைல வாசனை அடிக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஆனால், அந்த வலியில் வயதுக்கு மட்டும் பங்கு இல்லை. சுமை கிடக்கும் இடத்துக்கும் கையில் பிடிக்கும் கருவிக்கும் பங்கு உண்டு.

இதை ஆராயும் துறையின் பெயர் பணிச்சூழலியல். மலாயில் எர்கோனோமிக் என்பார்கள். வேலைக்கு ஏற்ப ஆள் வளையக்கூடாது, ஆளுக்கு ஏற்ப வேலையும் கருவியும் அமைய வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

தரையில்தான் சிக்கல்

ஒரு செம்பனைக் குலை பொதுவாக 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். மலேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முழங்கை உயரத்தில் உடலை ஒட்டித் தூக்கும்போது ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ வரை பரிந்துரைக்கப்படுகிறது. தரையிலிருந்து தூக்கினால் அந்த அளவு 10 கிலோவாகவும் 7 கிலோவாகவும் குறைந்துவிடும். இதைத் தாண்டினால் அந்த வேலையை மேலும் ஆய்வு செய்ய வேண்டும். வெட்டிய குலையோ தரையில்தான் விழுகிறது.

காரணத்தை வீட்டிலேயே அறியலாம். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் கனம் அவ்வளவாகத் தெரியாது. அதையே கையை நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்தில் தோள் கடுக்கும். சுமை உடலை விட்டு விலக விலக, முதுகுத் தசைகள் அதிக விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்தபடி இடுப்பைத் திருப்பினால் முதுகெலும்பின் வட்டுகளுக்கு இன்னும் ஆபத்து.

கருவி மாறினால் போதுமா?

உயரமான மரங்களில் குலை வெட்ட, அரிவாள் கட்டிய மூங்கில் கழிக்குப் பதிலாக அலுமினியக் கழி வந்தது. எடை குறைந்தது, ஆனால் மின்கம்பிக்கு அருகில் அது உயிருக்கே ஆபத்து. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' மோட்டார் அரிவாள், உயரம் குறைந்த மரங்களில் கை போட்டு இழுக்கும் வேலையைக் குறைத்தது. அதே சமயம், இயந்திரத்தின் அதிர்வும் சத்தமும் உடன் வந்தன.

ஒரு சிரமத்தைத் தீர்க்கும் கருவி இன்னொன்றைக் கொண்டுவரலாம். அதனால்தான் கருவியை வாங்கும் முன் அதைப் பிடிக்கப் போகிறவரிடம் கேட்க வேண்டும். கழி எந்த இடத்தில் வழுக்குகிறது, எந்த உயரத்தில் கழுத்து வலிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

எல்லா மாற்றத்துக்கும் பெரிய செலவு தேவையில்லை. உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்காமல் நீளப் பிடி வைத்த உருளைக் கூடையால் சேர்க்கலாம். தள்ளுவண்டியில் கனமான குலைகளைச் சக்கரத்துக்கு அருகில் வைத்தால் கைகளில் ஏறும் பாரம் குறையும். சக்கரத்தில் காற்று சரியாக இருந்தால் தள்ளுவதும் சுலபம்.

பட்டணத்திலும் இதே கணக்குதான். மளிகைக் கடையில் அரிசி மூட்டையையும் எண்ணெய்ப் பெட்டியையும் தரையில் அடுக்குவது வழக்கம். இடுப்பு உயரத் தட்டில் கனமானவற்றையும், கீழும் மேலும் இலேசானவற்றையும் வைத்தால், ஒரு நாளில் குனியும் தடவைகள் வெகுவாகக் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. அதன்படி, வேலையிடத்தின் ஆபத்துகளை மதிப்பிடுவது முதலாளியின் கடமை. 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஆகவே, கருவியைப் பற்றியோ சுமையைப் பற்றியோ குறை சொல்வது வேலைக்குச் சோம்பல்படுவதாகாது.

வேலையால் வந்த நோய் என்று உறுதியானால் சொக்சோவில் மனுச் செய்யவும் இடமுண்டு. எனவே கிளினிக்குக்குப் போகும்போது "முதுகு வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடக்கூடாது. என்ன வேலை, எவ்வளவு கனம், ஒரு நாளைக்கு எத்தனை குலை, எத்தனை வருடமாக என்பதையும் சொல்லி, மருத்துவப் பதிவில் எழுதச் சொல்ல வேண்டும்.